கல் பதித்த பாலிமர் க்ளே மாலை செய்வது எப்படி

ஓவனில் சுட்டு இறுக்கும் பாலிமர் க்ளே கல்லோடு ஒட்டாது. சுடுவதற்கு முன் அழுத்தினால் ஒட்டியது மாதிரித்தான் தெரியும், சுட்டு எடுத்ததும் அப்படியே நிற்கும். சில மாதம் போட்டுக் கழற்றிய பிறகு ஒரு நாள் கல்லைக் காணோம் என்று தேடுவோம். பளிங்கு போல் வழுவழுவென்று பட்டை தீட்டிய கல்லில் க்ளேக்குப் பிடிமானமே கிடையாது. அதனால் கல்லை ஒட்டப் பார்க்காமல், நாலு பக்கமும் கவ்விப் பிடிக்கும்படி க்ளேயை அமைக்க வேண்டும். கம்பிக்கும் கம்மல் தண்டுக்கும் இதேதான்.

இங்கே செய்யப்போவது ஒரு செட்: நடுவில் 18×25 மி.மீ. கார்னிலியன் என்ற சிவப்புக் கல் பதித்த டாலர், 45 செ.மீ. மாலை, ஒரு ஜோடி கம்மல். மாலையின் க்ளே மணிகள் டாலர் பக்கம் மயில்கழுத்து நிறத்தில் தொடங்கி, பச்சை வழியாக மேலே போகப்போக மாம்பழ மஞ்சளில் முடியும். இடையிடையே கார்னிலியன் மணிகள்.

எல்லாமே கல்லாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். எடைதான். 12 மி.மீ. குவார்ட்ஸ் (கார்னிலியன் சேர்ந்த கல் இனம்) மணி ஒன்று சுமார் 2.4 கிராம், அதே அளவு க்ளே மணி ஏறக்குறைய அதில் பாதி. பெரிய மணிகளை க்ளேயிலும் சின்ன மணிகளைக் கல்லிலும் வைத்தால், பார்க்கக் கனமாகவும் போடும்போது லேசாகவும் இருக்கும். இந்த மாலை மொத்தமும் 50 கிராமைச் சுற்றித்தான் வரும்.

வாங்க வேண்டியவை

பாலிமர் க்ளே என்பது மண்ணே அல்ல. பி.வி.சி. துகளும் அதை இளக வைக்கும் எண்ணெய் போன்ற திரவமும் நிறமியும் சேர்ந்தது. காற்றில் காயாது, வெயிலில் வைத்தாலும் முழுதாக இறுகாது. ஓவன் சூட்டில் மட்டுமே முழுதாக இறுகும். கடையில் பக்கத்திலேயே, காற்றில் காயும் ஏர் டிரை க்ளேயும் இதே மாதிரி பாக்கெட்டில் இருக்கும், உறையில் எத்தனை டிகிரியில் சுட வேண்டும் என்று போட்டிருக்கிறதா பார்த்து எடுங்கள். ஃபீமோ, ப்ரீமோ, செர்னிட் என்ற மூன்று பிராண்டுமே நகைக்கு நல்லவை. முதல் இரண்டும் பெரும்பாலும் 57 கிராம் கட்டியாக வரும். 24 கலர், 36 கலர் என்று பொம்மைக்காக விற்கும் மலிவு செட்டுகள் சுட்டபின் பிஸ்கட்டாக உடையும் ரகமாக இருக்கலாம். மெல்லிய கம்மலுக்கு அவை வேண்டாம். ஒரு செட்டுக்கு ஒரே பிராண்டு போதும். ஒவ்வொன்றுக்கும் சுடும் சூடு வேறு என்பதால் கலந்தால் எதற்காவது ஒன்றுக்குக் கேடு.

இந்த செட்டுக்கு மஞ்சள் 20 கிராம், நீலம் 9 கிராம், பச்சை 3 கிராம் போதும்.

கல் விஷயத்தில் 8 மி.மீ. கார்னிலியன் மணி 26 வேண்டும். 40 செ.மீ. சரம் ஒன்றில் ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஒரு சரம் வாங்கினால் பாதி மிஞ்சும். டாலர் கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது பக்கவாட்டில் பாருங்கள். அடி தட்டையாக, விளிம்பிலிருந்து மேல்நோக்கி உள்பக்கம் சரிந்து போக வேண்டும். சுவர் செங்குத்தாக எழும்பியிருக்கும் கல்லைக் க்ளேயால் கவ்வ முடியாது.

மற்றவை: 2 மி.மீ. தடிமன் கொண்ட ஸ்பேசர் (மணிகளுக்கு இடையே போடும் சின்ன வளையம்) 28, 0.38 மி.மீ. கியர் ஒயர் (மணி கோர்க்கும் மெல்லிய உலோக ஒயர்) 65 செ.மீ., 2 மி.மீ. கியர் லாக் (ஒயர் முனையை நசுக்கிப் பூட்டும் குட்டிக் குழாய்) 2, லாப்ஸ்டர் கொக்கி 1, 6 மி.மீ. ஜம்ப் ரிங் (திறந்து மூடும் கம்பி வளையம்) 6, 24 கேஜ் ஹெட் பின் (ஒரு முனையில் தலை உள்ள கம்பி) 2, காது ஹூக் 1 ஜோடி, 20 கேஜ் கம்பி 5 செ.மீ. சென்னையில் பாரிமுனை, சௌகார்பேட்டை நகைப் பொருள் கடைகளில் கியர் ஒயர், கியர் லாக் என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். காது ஹூக் மட்டும் சர்ஜிக்கல் ஸ்டீலிலோ வெள்ளியிலோ வாங்குங்கள். கவரிங் ஹூக்கில் இருக்கும் நிக்கல் பலருக்குக் காதைப் புண்ணாக்கும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். வழுவழுப்பான டைல்ஸ் ஒன்று, உருளையான கண்ணாடி பாட்டில் அல்லது அக்ரிலிக் உருளை, மெல்லிய நீள பிளேடு, 20 மி.மீ. வட்ட கட்டர், தடித்த ஊசி, வட்ட மூக்குக் குறடு, தட்டைக் குறடு, கம்பி வெட்டும் கட்டர். பழைய சீட்டுக்கட்டு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சீட்டு ஏறக்குறைய 0.3 மி.மீ.; இரண்டு பக்கமும் பத்துப் பத்துச் சீட்டாக அடுக்கி நடுவில் க்ளேயை வைத்துத் தேய்த்தால் எங்கும் ஒரே சீராக 3 மி.மீ. தகடு கிடைக்கும். க்ளே தொட்ட எதுவும் திரும்பச் சமையலறைக்குப் போகக் கூடாது.

எந்தக் கல் ஓவனைத் தாங்கும்

இதைச் சோதிக்காமல் தொடங்கக் கூடாது. கல்லும் க்ளேயும் சேர்ந்தே ஓவனுக்குள் போகப்போகின்றன.

குவார்ட்ஸ் குடும்பம் முழுவதும் கவலையில்லாதது: கார்னிலியன், அகேட், ஜாஸ்பர், ஓனிக்ஸ், டைகர் ஐ, ரோஸ் குவார்ட்ஸ், அவென்சூரின், செவ்வந்திக்கல். கார்னிலியனின் சிவப்பே பெரும்பாலும் சூட்டில் வந்ததுதான். குஜராத்தின் ரத்தன்பூர் பக்கம் எடுக்கும் மங்கலான அகேட்டை நெருப்பிலிட்டு, அதிலுள்ள இரும்பைச் சிவக்க வைத்துத்தான் அங்குள்ள கம்பாத் நகரில் காலங்காலமாக மணி செய்கிறார்கள். செவ்வந்திக்கல் நிறம் மாறி மஞ்சளாக வேண்டுமென்றால் 400 டிகிரி அளவு சூடு வேண்டும். நாம் வைக்கும் 130 அவற்றை ஒன்றும் செய்யாது. நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் மணி செய்த பட்டறைகளின் தடயங்களோடு கிடைத்த கற்களிலும் கார்னிலியன், குவார்ட்ஸ், பச்சைக்கல் இனத்தைச் சேர்ந்த பெரில் ஆகியவை உண்டு. நகைக்காரர்கள் குவார்ட்ஸ் குடும்பத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அதன் கெட்டித்தனமும் ஒரு காரணம்.

சந்திரகாந்தக் கல்லும் லாப்ரடரைட்டும் நடுத்தரம். காங்கேயம் பக்கத்துச் சந்திரகாந்தக் கல் அழகுதான், ஆனால் அந்த இனக் கல்லுக்குள் இயற்கையாகவே பிளவுபடும் தளங்கள் உண்டு. சூடு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கினால் தாங்கும், சட்டென்று ஏறினால் உள்ளே கீறல் விழும்.

ஓவனுக்குள் விடவே கூடாதவை: ஓப்பல் (உள்ளே தண்ணீர் இருக்கிறது, வெடிக்கும்), மாலக்கைட், ஃப்ளோரைட், முத்து, பவளம், அம்பர், எண்ணெய் ஏற்றிய மரகதம், கண்ணாடி நிரப்பிய மாணிக்கம். டர்க்காய்ஸையும் இதில் சேர்த்துவிடுங்கள். சந்தையில் வருவதில் பெரும்பகுதி பிசின் ஏற்றியது, இல்லையென்றால் சாயம் போட்ட ஹவ்லைட் என்ற வெள்ளைக் கல். லாபிஸிலும் சாயமும் மெழுகும் ஏற்றியிருப்பார்கள். சூட்டில் மெழுகு வெளியேறிப் பளபளப்பு போய்விடும்.

சாயமா என்று பார்க்க, நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த வெள்ளைப் பஞ்சால் சரத்தின் கடைசி மணியைத் தேயுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அதை வெளிர் நிற க்ளேயில் பதிக்காதீர்கள், சுற்றிலும் கறை படியும். அதன் பிறகு ஒரே ஒரு மணியைத் தனியாக 130 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து எடுங்கள். பிளாஸ்டிக்காக இருந்தால் அங்கேயே காட்டிக் கொடுத்துவிடும். ஒரு மணி போனால் போகட்டும்.

சுட முடியாத கல்லைத்தான் பதிக்க வேண்டும் என்றால் வழி இருக்கிறது. கல்லின் மேல் சோளமாவு தடவி, சுடாத க்ளேயில் அழுத்தி இடம் பதித்து, கல்லை எடுத்துவிட்டுக் க்ளேயை மட்டும் சுடுங்கள். ஆறியபின் இரண்டு டியூபாக வரும் எபாக்சி பசையால் கல்லை ஒட்டி ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். சூப்பர் க்ளூ வேண்டாம். அது இறுகினால் நொறுங்கும் தன்மை கொண்டது, ஒரு தடவை தரையில் விழுந்தால் கல் தெறித்துவிடும்.

க்ளேயைப் பிசைதல்

கட்டியிலிருந்து வெட்டியதை அப்படியே உருட்டக் கூடாது. பத்து நிமிடமாவது பிசைந்து, தகடாகத் தேய்த்து, மடித்து, மறுபடி தேய்க்க வேண்டும். மடித்து வளைத்தால் ஓரம் வெடிக்காத பதம் வரும்வரை இது தொடரும். பாஸ்தா மெஷின் இருந்தால் மடித்த பக்கத்தை முதலில் உள்ளே விடுங்கள். திறந்த பக்கத்தை விட்டால் காற்று உள்ளே மாட்டிக்கொண்டு, சுடும்போது கொப்புளமாக எழும்பும்.

டெரகோட்டா நகை செய்து பழகியவர்கள் ஒன்றை மறக்க வேண்டும்: விரலைத் தண்ணீரில் தொட்டு வழவழப்பாக்கும் பழக்கம். பாலிமர் க்ளே தண்ணீரை ஏற்காது. மடிப்புக்குள் மாட்டிய ஈரம் ஓவனில் ஆவியாகிக் குமிழாகிவிடும். கைரேகையை எடுக்க விரலில் துளி சோளமாவு போதும். சுடுவதற்கு முன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் ஒரு தடவை தடவினாலும் ரேகை மறையும்.

நம் ஊர் வெயிலில் க்ளே இளகிக் கையில் ஒட்டும். இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே தகடாக வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி இரண்டு மூன்று மணி நேரம் விட்டால் அதிகப்படி எண்ணெயைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும். ஃபிரிட்ஜில் வைப்பவர்கள் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வையுங்கள், வெளியே எடுத்தபின் அறைச் சூட்டுக்கு வந்த பிறகே உறையைப் பிரியுங்கள். குளிர்ந்த க்ளே மேல் வியர்க்கும் ஈரமும் மேலே சொன்ன குமிழுக்கு ஒரு வழிதான். நிறுத்திவைத்த காரில் மே மாதம் க்ளேயை விட்டுவிட்டால் அது பாதி வெந்திருக்கும். அதைத் திரும்பப் பிசைந்து சரி செய்ய முடியாது.

மஞ்சளை முதலில் பிசையுங்கள், நீலத்தைக் கடைசியில். நடுவில் கையை வெட் டிஷ்யூவால் துடையுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் வெளிர் நிறத்தில் தூசும் நூலும் வந்து ஒட்டும்.

நிறம் இறக்குவது

நீலம் 9 கிராமும் பச்சை 3 கிராமும் கோடு தெரியாமல் கலந்தால் மயில்கழுத்து. இன்னும் ஆழம் வேண்டுமென்றால் கடுகளவு கறுப்பு சேர்க்கலாம். சுட்டதும் நிறம் ஒரு படி கருக்கும் என்பதை மனதில் வைத்து நிறுத்துங்கள்.

நீலத்திலிருந்து மஞ்சளுக்குப் போக ஏழு படி வேண்டும். இரண்டையும் சம இடைவெளியில் 6:1, 5:2 என்று கலந்தால் முதல் நாலு மணியும் ஒரே மாதிரி இருக்கும், ஏனென்றால் நீலம் மஞ்சளை விழுங்கிவிடும். பாதிப் பாதியாக இறக்குவதுதான் சரி.

இரண்டு நிறத்தையும் 3 மி.மீ. தகடாகத் தேய்த்து 20 மி.மீ. கட்டரால் வில்லை வெட்டுங்கள். மயில்கழுத்தில் 4 வில்லை, மஞ்சளில் 12. அப்படி ஒரு வில்லையை உருட்டினால் சரியாக 12 மி.மீ. மணி வரும். கண்ணால் அளந்து கிள்ளுவதைவிட இது நூறு மடங்கு நம்பகமானது.

மயில்கழுத்து வில்லையில் இரண்டை அப்படியே வையுங்கள், அவை முதல் ஜோடி. மிச்சம் இரண்டோடு இரண்டு மஞ்சள் சேர்த்துப் பிசைந்து தகடாக்கி நாலு வில்லை வெட்டுங்கள். ஓரத்தில் மிஞ்சும் துண்டுகளைச் சேர்த்துத் தேய்த்தால் நாலும் வந்துவிடும். அதில் இரண்டு இரண்டாம் ஜோடி. மிச்சம் இரண்டோடு மறுபடி இரண்டு மஞ்சள். இப்படி ஐந்து முறை கலந்தால் ஆறாம் ஜோடி வரை வந்துவிடும். ஏழாம் ஜோடிக்குத் தனி மஞ்சள் இரண்டு வில்லை. கடைசிக் கலவையில் இரண்டு வில்லை மிஞ்சும். அவற்றை உருட்டாதீர்கள், கம்மல் அதிலிருந்துதான்.

14 வில்லைகளையும் உருட்டி ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். உடனே குத்தினால் மணி நசுங்கும். பிறகு ஊசியைத் திருகியபடி பாதிவரை இறக்கி, எடுத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து மீதியைக் குத்துங்கள். ஒரே பக்கமாகக் குத்தித் தள்ளினால் வெளிவரும் இடம் எரிமலை வாய் மாதிரி பிதுங்கி நிற்கும். துளை 1 முதல் 1.2 மி.மீ. போதும். பல் குத்தும் குச்சியால் குத்தினால் 2 மி.மீ. ஆகி, ஒயரில் மணி கோணிக்கொண்டு தொங்கும்.

டாலர்

மயில்கழுத்து க்ளேயில் 3 மி.மீ. தகட்டிலிருந்து 26×33 மி.மீ. முட்டை வடிவம் ஒன்று வெட்டுங்கள், 1.5 மி.மீ. தகட்டில் (ஐந்து சீட்டு) அதே வடிவம் இன்னொன்று. முதலாவது முன்தகடு, இரண்டாவது பின்தகடு.

20 கேஜ் கம்பியின் நடுவே 4 மி.மீ. வளையம் சுற்றி, இரண்டு முனையையும் சுருளாக வளையுங்கள். சுருள் க்ளேக்குள் புதைந்திருக்க வேண்டும், வளையம் மட்டும் மேலே தெரிய வேண்டும். நேர்க் கம்பியைச் செருகினால் அது சுட்டபின் உருவிக்கொண்டு வந்துவிடும். சுருளைப் பின்தகட்டின் மேல்பாதியில் வைத்து லேசாக அழுத்தி, அதன் மேல் முன்தகட்டை ஒரு ஓரத்திலிருந்து படியவைத்துக் காற்றைத் தள்ளிக்கொண்டே மூடுங்கள். ஓரத்தை விரலால் சுற்றிவரத் தேய்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். இதை டைல்ஸ் மேலேயே வைத்துச் செய்யுங்கள், அங்கிருந்து அப்படியே ஓவனுக்குப் போகட்டும். எடுத்து வைத்தால் வளையும்.

கல்லை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு நடுவில் வைத்து 1 மி.மீ. அளவு இறங்க அழுத்துங்கள். இப்போது 2 மி.மீ. தடிமனும் 4 மி.மீ. உயரமும் கொண்ட பட்டை ஒன்றை, 7.5 செ.மீ. நீளத்தில் வெட்டிக் கல்லைச் சுற்றி நிறுத்துங்கள். சுற்றளவு 7 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. மிஞ்சுவதை இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்று இருக்கும்போதே சாய்வாக வெட்டினால் இணைப்பு தெரியாது. இணைப்பைக் கீழ்ப்பக்கம் வையுங்கள்.

பட்டையின் அடியை முன்தகட்டோடு தேய்த்து இணைத்தபின், மேல் விளிம்பைக் கல்லின் சரிவின் மேல் சாய்க்க வேண்டும். முனை உருண்ட பின்னல் ஊசியால் எதிரெதிர்ப் பக்கமாக, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று மாற்றி மாற்றி அழுத்துங்கள். ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போனால் கடைசியில் க்ளே மடிந்து குவியும். கல்லின் விளிம்புக்கு மேல் சுற்றிலும் 1 மி.மீ. க்ளே ஏறியிருக்க வேண்டும். இந்த 1 மில்லிமீட்டர்தான் கல்லைக் காப்பாற்றுவது. அழகுக்காக இதைக் குறைக்காதீர்கள். கல் நிறைய மூடிவிட்டது போல் இருந்தால் விளிம்பில் ஊசியால் புள்ளி வைத்து, மணிக்கோர்வை மாதிரி வேலைப்பாடாக்கிவிடுங்கள்.

கம்மல் வில்லைகளில் மேலும் கீழும், ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளி 1.5 மி.மீ. துளை ஒவ்வொன்று. அதைவிட ஓரமாகப் போட்டால் ஜம்ப் ரிங் இழுத்துக் கிழிந்துவிடும்.

சுடுவது

தோல்வியில் பாதிக்கு மேல் இங்கேதான் நடக்கிறது, அதிலும் பெரும்பாலும் ஓவன் பொய் சொல்வதால். சின்ன ஓ.டி.ஜி. (மேசை மேல் வைக்கும் மின் ஓவன்) திருகு 130 என்று காட்டும்போது உள்ளே 110-ம் இருக்கலாம், 160-ம் இருக்கலாம். உள்ளே நிறுத்தும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, வெறும் ஓவனை அரை மணி ஓடவிட்டு எந்தக் குறியில் எவ்வளவு வருகிறது என்று எழுதிவையுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம். அடுப்பில் மணல் சட்டி வைத்துச் சுடும் முறையும் சொல்வார்கள், அதில் சூட்டைக் கட்டுப்படுத்த முடியாது.

ஃபீமோவுக்கு 110 டிகிரி செல்சியஸ், அரை மணி. ப்ரீமோவுக்கு 130, ஒவ்வொரு 6 மி.மீ. தடிமனுக்கும் அரை மணி. செர்னிட் 110-லிருந்து 130-க்குள். உறையில் உள்ளதே இறுதி. 12 மி.மீ. மணிக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். சூடு சரியாக இருந்தால் நேரம் கூடுவதால் கெடாது, உறுதிதான் கூடும். கெடுப்பது அதிகச் சூடு. 175 டிகிரியைத் தாண்டினால் பி.வி.சி. சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். மூக்கை அறுக்கும் நெடி அடித்தால் ஓவனை அணைத்து, ஜன்னலைத் திறந்து, அந்த அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

மணிகளைத் தட்டையாக வைத்தால் அடியில் பளபளவென்று ஒரு வட்டம் விழும். தட்டில் சோளமாவைப் பரப்பி அதில் பாதி புதையும்படி வையுங்கள், சுட்டபின் கழுவினால் போய்விடும். டாலரையும் மணித்தட்டையும் நடு அடுக்கில் வைத்து, மேலே அலுமினிய ஃபாயிலைக் கூடாரம் மாதிரி மூடுங்கள். ஓவனின் சூட்டுக் கம்பி சிவந்து எரியும்போது நேரடியாகப் படும் வெப்பம்தான் மஞ்சளைப் பழுப்பாக்குவது.

கல் இருப்பதால் குளிர்ந்த ஓவனிலேயே வைத்து, சூடு ஏறி நின்றபின் நேரத்தைக் கணக்கிடுங்கள். முடிந்ததும் அணைத்து, கதவைத் திறக்காமல் ஆறவிடுங்கள். சுட்ட க்ளேயை ஐஸ் தண்ணீரில் போட்டால் கண்ணாடி மாதிரி தெளியும் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. வெறும் க்ளேக்கு அது சரியாக இருக்கலாம், கல் பதித்ததைப் போட்டால் கல் விரிசல் விடும்.

வெந்ததா என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு முறையும் 2 மி.மீ. தடிமனில் விரல் நீளத்துக்கு ஒரு பட்டையையும் சேர்த்துச் சுடுங்கள். ஆறியபின் வளைத்துப் பாருங்கள். வளைந்து திரும்பினால் வெந்துவிட்டது. டப்பென்று முறிந்தால் சூடு போதவில்லை. எல்லாவற்றையும் 10 டிகிரி கூட்டி மறுபடி அரை மணி சுடலாம், க்ளேயை எத்தனை முறை சுட்டாலும் தவறில்லை. சூடாக இருக்கும்போதே இந்தச் சோதனையைச் செய்து ரப்பர் மாதிரி இருக்கிறதே என்று பயந்து மறுபடி ஏற்றிவிடாதீர்கள், சூட்டில் எல்லாமே அப்படித்தான் இருக்கும்.

ஆறியபின் டாலரைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். கல் கலகலவென்று ஆடினால் விளிம்பு கவ்வவில்லை. சும்மா கொஞ்சம் ஆடினால், இடுக்கில் ஊசிமுனையால் லிக்விட் க்ளே (திரவமாக வரும் பாலிமர் க்ளே) இறக்கி மறுபடி சுடுங்கள். கல் வெளியே வந்தே விட்டால் இன்னும் நல்லது. கல்லின் பின்பக்கத்தையும் குழியையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி எபாக்சியால் உட்காரவைத்துவிடலாம். எபாக்சி வைத்தபின் ஓவனுக்குப் போகக் கூடாது, பசை இளகிவிடும்.

மெருகு

தண்ணீரில் நனைத்த உப்புத்தாள் 400, 600, 800, 1000 என்று வரிசையாக. பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி விட்டால் தாள் அடைக்காது, தூசும் பறக்காது. 400-இல் விழுந்த கோடு முழுவதும் மறைந்த பிறகே 600-க்குப் போங்கள். கல்லின் மேல் டேப் ஒட்டிக்கொள்ள வேண்டும். கார்னிலியன் கடினம்தானே என்று விட்டுவிடாதீர்கள்: பத்து வரை போகும் மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7, கறுப்பு உப்புத்தாளில் இருக்கும் சிலிக்கன் கார்பைடு 9-க்கும் மேல். பழைய ஜீன்ஸ் துணியால் ஐந்து நிமிடம் தேய்த்தாலே மிதமான பளபளப்பு வந்துவிடும், அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை. நெயில் பாலிஷ் மட்டும் பூசவே பூசாதீர்கள். அதிலுள்ள கரைப்பான் க்ளேயை இளக்கி, சில வாரத்தில் கையில் பிசுபிசுக்கும். ஸ்ப்ரே வார்னிஷ் பலவற்றிலும் இதே தொல்லை. கட்டாயம் மினுக்க வேண்டுமென்றால் வாட்டர் பேஸ்டு பாலியூரித்தேன் வார்னிஷ் மெல்லியதாக இரண்டு கோட்.

கோர்த்தல்

ஒரு பக்கத்துக்கு 7 க்ளே மணி, ஒவ்வொன்றின் இருபுறமும் ஸ்பேசர், இரண்டு க்ளே மணிக்கு நடுவே இரண்டு கார்னிலியன். கணக்கு: 84 + 96 + 28 = 208 மி.மீ. இரண்டு பக்கமும் டாலர் வளையமும் சேர்ந்து 42 செ.மீ. சொச்சம், கொக்கியும் ஜம்ப் ரிங்கும் மீதி 3 செ.மீ. ஆளுக்கேற்ப நீளத்தைக் கூட்டவேண்டுமென்றால் பின்னால் சங்கிலி போடுங்கள், மணியைக் கூட்டினால் நிற வரிசை கலையும்.

டாலர் வளையத்தில் ஒரு ஜம்ப் ரிங் மாட்டி, அதை ஒயரின் நடுவே விட்டு, இரு பக்கமும் மயில்கழுத்து மணியிலிருந்து தொடங்குங்கள். வளையத்தையே நேராகக் கோர்த்தால் டாலர் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். நூலில் கோர்க்க வேண்டாம். கல் மணியின் துளை ஓரம் கூர்மையானது, நூலை மெல்ல மெல்ல அறுத்துவிடும்.

முனையில் கியர் லாக் கோர்த்து, ஜம்ப் ரிங் (மறுமுனையில் கொக்கி) வழியாகச் சுற்றி, ஒயரைத் திரும்பவும் லாக்கிலும் அடுத்த ஸ்பேசரிலும் மணியிலும் நுழையுங்கள். 0.38 ஒயர் இரண்டு மடங்கானால் 0.76 மி.மீ.; 1 மி.மீ. துளையில் தாராளமாகப் போகும், தடித்த ஒயர் வாங்கினால் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். லாக்கைத் தட்டைக் குறடால் ஒரே அழுத்தாக நசுக்குங்கள். இரண்டாம் முனையை நசுக்குமுன் மாலையை வட்டமாக வளைத்துப் பார்த்து 2 மி.மீ. தளர்வு விடுங்கள். இறுக்கிக் கட்டினால் மாலை கழுத்தில் படியாமல் கம்பி மாதிரி விறைத்து நிற்கும், ஒயரும் லாக் ஓரத்தில் மடிந்து அங்கேயே அறும்.

கம்மலுக்கு ஹெட் பின்னில் ஒரு கார்னிலியன் கோர்த்து, மணிக்கு மேல் 9 மி.மீ. விட்டு வெட்டி, தொண்ணூறு பாகை மடித்து வட்ட மூக்குக் குறடால் வளையமாக்குங்கள். ஜம்ப் ரிங்கில் மாட்டி வில்லையின் கீழ்த் துளையில் தொங்கவிடுங்கள். மேல் துளைக்கு இன்னொரு ஜம்ப் ரிங், அதில் ஹூக். ஜம்ப் ரிங்கைத் திறக்கும்போது முனைகளை முன்னும் பின்னுமாகத் திருப்ப வேண்டும். அகலப் பிரித்தால் திரும்ப வட்டமாகாது. தொங்கல் வேண்டாம், ஸ்டட் வேண்டும் என்றால் தண்டின் தட்டை வில்லையின் பின்புறம் லிக்விட் க்ளே வைத்து உட்காரவைத்து, தண்டு மட்டும் வெளியே வரும்படி மெல்லிய க்ளே தகட்டால் தட்டை மூடிச் சுடுங்கள். வெறும் பசையில் ஒட்டிய தண்டு புஷ்ஷை இழுக்கும்போது பெயர்ந்து வரும்.

மிஞ்சிய சுடாத க்ளேயைச் சாதாரண பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் சிலவகை பிளாஸ்டிக்கை அது கரைத்து ஒட்டிக்கொள்ளும். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட பி.பி. டப்பாவோ, ஜிப் கவரோ பத்திரம். செய்து முடித்த நகைக்கும் அதே ஜிப் கவர்தான். சென்ட் அடித்து உலர்ந்த பிறகு மாலையைப் போடச் சொல்லி வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.